இளைப்பாற்றும் கை

ஒரு நாளை முழுவதுமாக உடலின் சுகத்துக்கென்று ஒதுக்கிவைப்பது சமய வாழ்வுக்கு இசைவானதா, அல்லது சமயத்தின் கணக்கில் அது வீணாய்ப் போன நாளா என்ற கேள்வி மிகப் பழையது. கடலோர விடுதிகளில் ஸ்பா என்னும் ஏற்பாடு பரவியதிலிருந்து அது இலங்கையின் கிழக்குக் கரையிலும் நேரடியாக எழுந்து நிற்கிறது. எண்ணெய் தேய்த்தல், மூலிகை வேது, வெந்நீர் நீராட்டு, கைகால் பிடித்துவிடுதல் ஆகிய பணிவிடைகளை மணிக்கணக்கில் கட்டணம் பெற்று வழங்கும் இடமே ஸ்பா எனப்படுகிறது. ஐரோப்பாவில் இதற்கு உரோமர் காலத்து வெந்நீர்க் கூடங்களில் தொடங்கும் நீண்ட வரலாறு உண்டு என்றாலும், கடலும் ஓய்வும் ஒன்றாகச் சேர்ந்தது பிற்காலத்தில்தான். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் 1750இல் கடல்நீரை நோய் தீர்க்கும் மருந்தாக எடுத்துக்காட்டி நூல் எழுதினார். அதன் பிறகு பிரைட்டன் போன்ற மீன்பிடி ஊர்கள் செல்வர்கள் தங்கி உடல் தேற்றிக்கொள்ளும் இடங்களாக மாறின. கீழை நாடுகளின் கடற்கரைகள் அதுவரை உழைப்பவர்களுக்கும் தீர்த்தமாடுவோருக்கும் உரியவையாகவே பெரும்பாலும் இருந்தன.

மூதூர் இக்கேள்வியை எடுத்து ஆராய்வதற்கு மிகவும் தக்க இடம். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்துள்ள இவ்வூரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாகவும், சம்பூர், கட்டைபறிச்சான் முதலிய சுற்றுக் கிராமங்களில் சைவத் தமிழர் செறிந்தும் வாழ்கின்றனர்; கத்தோலிக்கர் சிலரும் உள்ளனர்; உள்நாட்டுப் பக்கம் சற்றுப் போனால் பௌத்தர்கள் போற்றும் சேருவில விகாரை இருக்கிறது. குடாவுக்கு வடக்கே, திருகோணமலை நகரைத் தாண்டி, உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்தபடி விடுதிகள் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் ஸ்பா உண்டு. முன்னர் மூதூரிலிருந்து நகருக்குப் போக லோஞ்சை நம்பியிருக்க வேண்டும், அல்லது தரைவழியே துறை துறையாகப் பாதை எனப்படும் மிதவைகளில் ஏறி இறங்க வேண்டும்; 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதோடு அந்த வழி எளிதாயிற்று. ஒரே கடல் தென்கரையில் வலை வீசுவோரின் வேலைத்தளமாகவும் வடகரையில் விருந்தினரின் ஓய்விடமாகவும் விளங்குவதால், ஓய்வு யாருக்கு, யாருடைய உழைப்பால் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் குடாவைப் பற்றிப் பேச முடியாது. 

உடலைப் பேணுவதற்கு எதிரான சமயக் குரல் தமிழில் வலிமையானது. பட்டினத்தார் பாடல்களும் சித்தர் பாடல்கள் பலவும் உடம்பை நிலையாத, அழுகிப்போகும் பொருளாகக் காட்டி, அதற்குச் செய்யும் உபசாரத்தை அறியாமை என்று இடித்துரைக்கின்றன. இந்தக் குரலை ஒதுக்கிவிடலாகாது; செல்வத்தில் திளைத்தவனை உலுக்கி எழுப்ப அது தேவைப்பட்டது. ஆயினும் சைவ மரபு அந்தக் குரலோடு நின்றுவிடவில்லை. முன்பு உடம்பை இழிவென எண்ணியிருந்ததையும், அதனுள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை உணர்ந்த பின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் திருமந்திரத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். உயிர் தன் மலத்தை, அதாவது தன்னைக் கட்டியிருக்கும் அழுக்கை, கழித்துக்கொள்வதற்குக் கிடைத்த கருவி உடம்பு என்பதால், கருவியைத் துருப்பிடிக்க விடுவது சாதகனுக்கு அழகன்று என்பதே இதன் பொருள். இந்த அளவில் பார்த்தால், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்து ஒரு பகல் உறங்கி எழுவதைச் சைவம் குற்றமாகக் கொள்ள இடமில்லை.

சைவ சித்தாந்தம் இதையும் கடந்து, ஓய்வு என்னும் பொருளை இறைவனுடைய தொழில்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருக்கிறது. உலகச் சமயத் தத்துவங்களில் இதற்கு இணையான துணிவு அரிது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களையும் உயிர்களின் பொருட்டு இறைவன் செய்கிறான் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. இவற்றுள் அழித்தலைப் பார்ப்பவருக்கு அச்சம் எழுவது இயல்பு; கருணையே வடிவானவன் எப்படி அழிப்பான் என்ற தடை எழுவதும் இயல்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்குத் தரும் விடை, அழித்தல் என்பது உயிர்களின் இளைப்பை ஆற்றுதலே என்பதாகும். வினையின்படி பிறப்பதும் இறப்பதுமாகச் சுழன்று சுழன்று உயிர்கள் களைத்துப்போகின்றன. அந்தக் களைப்பைப் போக்குவதற்காக உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் அவற்றின் மூலமான மாயையில் இறைவன் ஒடுக்குகிறான். உயிர்கள் அங்கே சுமையற்றுக் கிடந்து ஆறுகின்றன. பக்குவம் இன்னும் நிரம்பாததால் பின்பு மீண்டும் உடம்பு பெறுகின்றன. மனிதர் ஒவ்வோர் இரவும் அடையும் ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்தி இதன் சிறு வடிவம் எனலாம். உழைத்த உயிருக்கு ஓய்வு தேவை என்பதை இறைவனே அறிந்து, அது கேளாமலே கொடுக்கிறான் என்று சொல்லும் ஒரு தத்துவத்தின் வழி வந்தவர்கள் ஓய்வைச் சோம்பலோடு ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது.

ஆனால் அதே சித்தாந்தம் ஓய்வின் எல்லையையும் கண்டிப்பாக வரைந்து காட்டுகிறது. உயிரின் நிலைகளைக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றாக அது வகுக்கும். கருவிகள் எதுவுமின்றி ஆணவம் என்னும் மலத்தின் இருளில் உயிர் அறிவு மழுங்கிக் கிடப்பது கேவலம். உடம்பும் கருவிகளும் பெற்று உலகில் செயற்படுவது சகலம். திருவருளோடு கூடி மலம் நீங்கி நிற்பது சுத்தம். கேவலத்திலும் வேலை இல்லை, சுத்தத்திலும் அலைச்சல் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஓய்வாகவே தோன்றும். ஆயினும் ஒன்று அறியாமையின் அமைதி, மற்றது அறிவு நிறைந்த அமைதி. அருணகிரிநாதரும் தாயுமானவரும் போற்றிய, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் தம் அடியவர்களுக்கு ஓயாமல் உணர்த்திய ‘சும்மா இருத்தல்’ என்பது பின்னதைச் சேர்ந்தது. ஸ்பாவின் அரையிருளில், மெல்லிய இசையின் நடுவே, எண்ணெய் மணத்தோடு கண்ணயர்வது முன்னதைச் சேர்ந்தது. அதில் இழிவு ஒன்றுமில்லை, உறக்கத்தில் இழிவு இல்லாததைப் போல. ஆனால் அதையே ஆன்மிக அனுபவம் என்றும் உள்ளொளி என்றும் விளம்பரத் தாளில் அச்சிட்டு விற்பது மக்களைத் தவறான வழியில் செலுத்துவதாகும். ஓர் உடம்பின் அலுப்பைத் தீர்ப்பது நல்ல பணி; நல்ல பணிக்கு முத்தி என்ற பெயர் சூட்ட வேண்டிய தேவை இல்லை.

இறைவன் இளைப்பாற்றுவதற்கும் மனிதர் இளைப்பாற்றுவதற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உள்ளது. இந்தக் கேள்வியின் உயிர்நிலை அங்குதான் இருக்கிறது. இறைவனுடைய ஐந்தொழிலும் அவன் சந்நிதி மாத்திரையில், அதாவது அவன் முன்னிலையில் இருப்பதாலேயே, அவனுக்கு எவ்வித மாற்றமும் களைப்பும் இன்றி நிகழ்கின்றன என்பதை விளக்கச் சித்தாந்த ஆசிரியர்கள் கதிரவனைக் காட்டுவர். கதிரவன் முன்னே தாமரை மலர்வதும் வேறொரு பூ வாடுவதும் நிகழ்ந்தாலும் கதிரவனுக்கு அதனால் வருத்தமில்லை. ஆகவே இறைவன் கொடுக்கும் ஓய்வுக்காக யாரும் களைப்பதில்லை. மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் ஓய்வு அப்படிப்பட்டதன்று. மேசையில் கிடப்பவரின் தோளிலிருந்து இறங்கும் இறுக்கம் பிடித்துவிடுபவரின் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நாரிக்கும் ஏறுகிறது. ஒருவர் இளைப்பாற இன்னொருவர் இளைக்கிறார். சமயங்கள் ஓய்வைப் பற்றிச் சொன்னவற்றைக் கூர்ந்து நோக்கினால், உடலின் சுகம் ஆகுமா ஆகாதா என்பதைக் காட்டிலும், அந்தச் சுகத்தைத் தரும் மனிதரின் நிலை என்ன என்பதையே அவை ஆழமாகக் கேட்டிருப்பது புலப்படும்.

இளைப்பு எவ்வாறு ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாறுகிறது என்பதைச் சித்த மருத்துவத்தின் தொக்கணத்தைக் கொண்டு அறியலாம். சித்த மருத்துவம் உடலின் வெளியே செய்யும் சிகிச்சைகளைப் புறமருத்துவம் என்று 32 வகையாகக் கூறும். அவற்றுள் ஒன்று தொக்கணம், அதாவது கையால் தேய்த்தும் பிடித்தும் செய்யும் சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது செயல்கள் அதற்குச் சொல்லப்பட்டுள்ளன. இந்த ஒன்பதையும் செய்பவரின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டும். இழுத்தலுக்குக் குதிகாலை ஊன்றி முதுகைப் பின்சாய்க்க வேண்டும். அழுத்தலுக்கு உள்ளங்கையின் அடிப்பகுதியில் தம் உடற்பாரத்தை அளந்து இறக்க வேண்டும். மல்லாத்துதலுக்கு எண்ணெய் பூசி வழுக்கும் ஓர் உடம்பை நழுவவிடாமலும் நோகடிக்காமலும் புரட்ட வேண்டும். கையைக் கட்டித் தோளை நெகிழ்த்தும்போது வலி எங்கே தொடங்குகிறது என்பதை எதிரில் இருப்பவரின் மூச்சிலிருந்தே அறிந்து நிறுத்த வேண்டும். இது படிப்பும் பழக்கமும் வேண்டிய கலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தின் முதலாசிரியராகப் போற்றப்படும் அகத்தியரின் பெயரால் அகத்தியர் தாபனம் என்ற பழந்தலம் மூதூர்ப் பகுதியின் கங்குவேலியில் உள்ளது. மகாவலிக் கரையின் தீர்த்தச் சிறப்பைப் பாடும் திருக்கரைசைப் புராணமும் இந்த மண்ணுக்குரியது. நீரும் மூலிகையும் கையும் சேர்ந்து உடலைத் தேற்றும் அறிவு இக்கரைக்கு விடுதிகளோடு வந்து சேர்ந்ததன்று.

இத்தகைய கலையைக் கையில் வைத்திருந்தவர்களைத் தமிழ்ச் சமூகம் எப்படி நடத்தியது என்பது வெட்கத்தோடு நினைக்க வேண்டிய வரலாறு. முடி திருத்தியவர்களே புண்ணுக்கு மருந்திட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தக் குடும்பங்களின் பெண்களே பெரும்பாலும் மருத்துவிச்சிகளாக இருந்து, பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெய் தேய்த்து, இலை அவித்த நீரூற்றிக் குளிப்பாட்டினார்கள். பிறப்பின்போது முதலில் தொட்ட கையையே பின்னர் தீண்டத் தகாத கை என்று ஒதுக்கிவைத்தது சாதி முறை. யாழ்ப்பாணத்தில் குடிமை முறை என்ற பெயரால் இப்பணிகள் பிறப்போடு வந்த கடமைகளாகச் சுமத்தப்பட்டன. இன்று ஸ்பாவில் பணிசெய்யும் பெண்ணைப் பற்றிச் சிலர் தாழ்த்திப் பேசுவதற்கும், அவளுடைய தொழிலை ஐயத்தோடு பார்ப்பதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. உடம்பைக் கோயில் என்று ஏற்றுக்கொண்ட மரபினர், அந்தக் கோயிலைத் துலக்குபவரைக் கீழே நிறுத்துவது தம் கொள்கைக்குத் தாமே செய்யும் துரோகம்.

மூதூரின் பெரும்பான்மைச் சமயமாகிய இஸ்லாத்தில் இந்தக் கேள்வி இன்னும் நடைமுறைத் தெளிவோடு அணுகப்பட்டுள்ளது. ஸல்மான் பார்ஸி, அபூதர்தா என்ற இரு ஸஹாபிகளைப் பற்றி, அதாவது நபித்தோழர்களைப் பற்றி, புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்து, மனைவியையும் உடலையும் மறந்துவிட்டிருந்த அபூதர்தாவை ஸல்மான் உண்ணச் செய்து, உறங்கச் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பித் தம்மோடு தொழச் செய்தார். இறைவனுக்கும் உடலோடு கூடிய தமக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடுக்க வேண்டும் என்று உணர்த்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அதைச் சரியென ஏற்றார்கள். இங்கே ஓய்வு சலுகையாகப் பேசப்படவில்லை, உரிமையாகப் பேசப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உரிமை என்று ஆன பிறகு அது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில், தூய்மையைப் பற்றிய பகுதியில், ஹம்மாம் எனப்படும் பொது வெந்நீர்க் குளிப்பிடத்துக்குச் செல்வோர் பேண வேண்டிய ஒழுங்குகளை விரிவாக எழுதியிருக்கிறார். ஸ்பாவைப் பற்றி இன்று எழும் கேள்விகளில் பலவற்றுக்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே விடை இருக்கிறது. மறைக்க வேண்டிய உடற்பகுதியாகிய அவ்ரத்தை மறைத்துக்கொள்ளல், பிறருடையதைப் பார்க்காதிருத்தல், தேவைக்கு மேல் நீரைக் கொட்டாதிருத்தல், அந்தச் சூட்டை உணரும்போது மறுமையின் நெருப்பை நினைத்தல் ஆகியவற்றோடு, உள்ளே நுழையும் முன்பே குளிப்பிடக்காரருக்குரிய கூலியைக் கொடுத்துவிடுவதையும் அவர் ஓர் ஒழுங்காகச் சேர்க்கிறார். எவ்வளவு நீரையும் சேவையையும் பெறப்போகிறோம் என்பது போகிறவருக்குத் தெரியாது. எவ்வளவு கிடைக்கும் என்பது உழைப்பவருக்கும் தெரியாது. முன்கூட்டியே கொடுத்துவிட்டால் ஒரு பக்கத்து ஐயமாவது நீங்கி அவர் மனம் அமைதியடையும் என்பது அவர் காட்டும் காரணம். குளிக்கப்போகும் ஒருவரின் அமைதியைப் பேச வந்த இடத்தில், நீர் சுடவைப்பவரின் மன அமைதியையும் ஒரு பெரும் ஞானி நினைத்துக்கொண்டார் என்பது சிறிய செய்தியன்று. உழைப்பவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியின் நிழலில் நின்று எழுதியவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும்.

பௌத்த விநய நூல்களிலும் இதே போக்கைக் காணலாம். சங்கத்துப் பிக்குகள் நோயுற்றிருப்பதைக் கண்ட மருத்துவர் ஜீவகரின் வேண்டுகோளின்படி, நடைபயில்வதற்கான இடத்தையும் வெந்நீராவிக் குளிப்பறையையும் புத்தர் அனுமதித்தார் என்பது விநய பிடகத்தில் வரும் வரலாறு. புலன் இன்பத்தில் மூழ்குவதையும் உடலை வதைப்பதையும் ஒருசேர விலக்கிய வழிக்கு அது பொருத்தமானதே. குளிப்பறையில் இளையவர் மூத்தவருக்குப் பணிவிடை செய்ய வேண்டும். ஆனால் இளையவரை இருக்கையிலிருந்து எழுப்பிவிடலாகாது. உடலைப் பேணிய இந்தப் போக்கின் சான்றாக, திருகோணமலையிலிருந்து அனுராதபுரம் போகும் வழியில் உள்ள மிகிந்தலையில், ஒன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனையின் சிதைவுகளுக்கிடையே, மனித உடம்பின் வடிவிலேயே குடையப்பட்ட கல் மருந்துத் தொட்டியை இன்றும் காணலாம்.

ஓய்வை முழுச் சமூகத்துக்கும் உரிய சட்டமாகவே வகுத்தது யூத மரபு. அது கிறிஸ்தவத்துக்கும் வழிவழியாக வந்தது. வாரத்தின் ஏழாம் நாளை ஓய்வுநாளாக்கும் கட்டளை விவிலியத்தில் இரு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயண நூல் அதற்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. இணைச்சட்ட நூலோ, எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் வீட்டுத் தலைவனைப் போலவே ஓய்வு பெற வேண்டும் என்பதையே காரணமாக்குகிறது; மாடும் கழுதையும்கூட அந்த ஓய்வில் சேர்க்கப்பட்டுள்ளன. கிரேக்கத் தத்துவத்தோடு இதை ஒப்பிட்டால் இதன் உயர்வு விளங்கும். மனிதர் வேலை செய்வதே ஓய்வைப் பெறுவதற்காக என்றும், அந்த ஓய்வில்தான் சிந்தனை மலர்கிறது என்றும் அரிஸ்டோட்டில் அழகாக எழுதினார். ஆனால் அந்த ஓய்வைத் தாங்கிப்பிடித்த அடிமைகளுக்கு அதில் பங்கு உண்டென்று அவர் எண்ணவில்லை. உரோமாபுரியில் 216இல் திறக்கப்பட்ட கரகல்லாவின் குளிப்பு மண்டபத்தின் அழகைப் புகழ்வோர், அதன் தரைக்கு அடியில் அடுப்புகளுக்கு விறகு தள்ளியவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தரையின் மேலே ஒருவர் சுகம் பெறுவதும் அதன் கீழே இன்னொருவர் வேகுவதும் ஓய்வைப் பற்றிய எந்தச் சமய விளக்கத்துக்கும் ஒவ்வாது.

இலங்கை அரசே ஓய்வுநாளைச் சமயத்தோடு பொருத்திப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, நிலவின் பிறைகளையொட்டிய போயா நாள்கள் வார விடுமுறையாயின. வாரத்தின் நீளமே மாறிமாறி வந்ததால் வணிகமும் வெளிநாட்டுத் தொடர்பும் குழம்பி, பழைய முறைக்கே திரும்ப நேர்ந்தது. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது. எந்த நாளில் ஓய்வு என்பதில் சமயங்கள் வேறுபடலாம். மூதூரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்காக வியாபாரம் நின்று, தொழுகை முடிந்ததும் மீண்டும் தொடங்குவதைப் போல, நாள் முழுவதற்குமான ஓய்வை ஒரு சமயம் கட்டாயமாக்காமலும் விடலாம். எல்லோருக்கும் ஓய்வு உரியது என்பதில் அவை வேறுபடவில்லை.

துயரம் படிந்த ஒரு கரையில் சுகத்தைத் தேடுவது தகுமா என்ற கேள்வியும் இங்கே எழுந்தே தீரும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையின் உயிர்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. 2006இல் போர் சூழ்ந்தபோது சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களுள் பலர் தம் காணிகளுக்குத் திரும்ப ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிக் கந்தளாயில் தஞ்சம் புகுந்தார்கள். ஓகஸ்ட் 4ஆம் நாள் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் மக்களுக்கு உதவ வந்தவர்கள் அவர்கள். இத்தனை நிகழ்ந்த பிறகு இங்கே ஓய்வு பேசுவது கூடாது என்பது ஒரு வாதம். அந்த வாதத்தின் பின்னுள்ள துயரம் மதிக்கத்தக்கது. ஆனால் அதன் முடிவு பிழையானது. இளைத்தவருக்கே இளைப்பாறுதல் முதலில் உரியது என்றால், இந்த நாட்டில் கொட்டியாரக் குடாவின் மக்களைக் காட்டிலும் அதற்கு உரிமையுள்ளவர்கள் மிகச் சிலரே. அவர்கள் ஓய்வைத் தருபவர்களாக மட்டுமே வந்துபோவதுதான் அநீதி.

விலைகொடுத்துப் பெறும் ஓய்வு பரவுவதற்கு முன்பிருந்தே இம்மாவட்டத்து மக்கள் உடலைத் தேற்றிக்கொண்ட முறைகளில் இந்த அநீதியைத் தவிர்க்கும் ஒரு வழி புலப்படுகிறது. திருகோணமலை நகருக்கு மேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன; ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறுபடும். எரிமலை இல்லாத இலங்கையில், மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலே வருவதால் இவ்வூற்றுகள் உண்டாகின்றன. தாய்க்கு ஈமக்கடன் செய்வதற்காக இராவணன் இவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம்; இறந்தவர்க்கு முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியையை இங்கே நிறைவேற்றிக் குளிக்கும் வழக்கம் சைவரிடம் உண்டு. துக்கத்தின் களைப்போடு வந்த குடும்பத்தார் வாளியில் அள்ளித் தாமே தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். கை நடுங்கும் முதியவருக்குப் பேரப்பிள்ளை ஊற்றுகிறது. சித்திரைப் புத்தாண்டில் ஈழத்துச் சைவர் வீடுகளில் மருத்துநீர் வைப்பதும் இத்தகையதே. தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சிய மருத்துநீரை மூத்தவர் இளையவர் தலையில் தேய்த்துவிடுவார். காலம் போகும்போது அந்த இளையவரே மூத்தவராகி இன்னொரு தலையில் தேய்ப்பார். இளைப்பாற்றும் வேலை ஒருவரிடமே தங்கிவிடாமல் முறைமாறிப் போவதால், இங்கே யாரும் நிலையான பணியாளரும் அல்லர், நிலையான விருந்தினரும் அல்லர்.

ஸ்பாவில் இந்த முறைமாற்றம் இயலாது. விருந்தினர் எழுந்து தம்மைத் தேய்த்துவிட்டவருக்குத் தேய்த்துவிடப் போவதில்லை. அப்படியானால் முறைமாற்றத்தால் கிடைத்த நீதியை வேறு வழியால் ஈடுசெய்தாக வேண்டும். சரியான கூலி, மரியாதையான பேச்சு, உழைத்த உடம்புக்குத் தன் ஓய்வுநாள் ஆகிய மூன்றும் அந்த ஈடு. இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பெருநாளிலும் புத்தாண்டிலும் பள்ளி விடுமுறையிலும்தான் விடுதிகள் நிரம்புகின்றன. ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் நாளே ஓய்வளிப்பவர்களுக்கு மிகக் கடுமையான நாளாகிறது. மற்றவர் களைப்பை நாள்தோறும் தன் கையில் வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கு அதை இறக்கிவைக்கும் நாள் எது என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை. சமயங்கள் யாவும் கேட்ட கேள்வியை இங்கே கேட்காமல் விட்டுவிட்டு, வரவேற்பறையில் புத்தர் சிலையையும் நடராசர் படத்தையும் வைத்து அமைதிச் சூழல் உண்டாக்குவது அந்தச் சமயங்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

இந்த இடத்தில் சமயம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1921ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழில் அமைப்பு தொழிற்றுறை உழைப்பாளருக்கு வார ஓய்வை வலியுறுத்தும் 14ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. இலங்கையின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் வைத்திருக்கிறது. கடலோர விடுதியொன்றில் ஒரு நாள் இளைப்பாறச் செல்வோர் மனநிறைவோடு செல்லலாம். உடம்புக்கு அதன் உரிமையைக் கொடுப்பதைச் சைவமும் இஸ்லாமும் பௌத்தமும் கிறிஸ்தவமும் தடுக்கவில்லை. ஆனால் அறையின் வாடகையையும் எண்ணெயின் வகையையும் விசாரிக்கும்போது, பிடித்துவிடுபவரின் ஒன்றரை நாள் விடுமுறை எந்தக் கிழமையில் வருகிறது என்பதையும் அவர்கள் விசாரிக்க வேண்டும். அதற்கு நேரான விடை தராத விடுதியை விட்டு வேறு விடுதிக்குப் போக வேண்டும்.